வழுக்கி விழுந்த சூரியனும் வாய் திறந்த கம்பமும்

குற்றாலத்தில் பதிவான முதல் வாகன விபத்தில் சிக்கியவர் சூரிய பகவான். தேனருவித் தண்ணீர் எகிறிப்போய் வானத்துச் சாலையை ஈரமாக்கிவிட்டதாம். குதிரைக்கும் பிடிமானம் இல்லை, சக்கரத்துக்கும் இல்லை. பதினெட்டாம் நூற்றாண்டில் திரிகூடராசப்பக் கவிராயர் இதைத் திருக்குற்றாலக் குறவஞ்சியில் மலையின் பெருமையாகச் சேர்த்துவிட்டார். ஏட்டையா எழுதியிருந்தால் வேறு மாதிரி வந்திருக்கும்: குதிரை ஏழு, சக்கரம் ஒன்று, எஃப்.சி. காலாவதி, எச்சரிக்கைப் பலகை எதுவும் இல்லை.

கவிதையைத் தள்ளிவைத்துப் பார்த்தால் காரணம் எளிது. சாலைக்குத் தெரிந்தது வண்டிக்குத் தெரியவில்லை. இவர்கள் இரண்டு பேரையும் பேசவைத்துவிட்டால் முச்சந்தி, நாற்சந்திகளில் மோதலே இருக்காது என்று உலகம் முழுக்க இன்ஜினியர்கள் மண்டையை உடைத்துக்கொண்டிருக்கிறார்கள். ஏற்பாடு இதுதான்: ஒவ்வொரு வண்டியும் தான் இருக்கும் இடம், வேகம், பிரேக் மிதித்ததா இல்லையா என்பதையெல்லாம் நொடிக்குப் பத்து முறை ரேடியோவில் ஒப்பித்துக்கொண்டே வரும். சந்தியில் நிற்கும் கம்பம் அதைக் கேட்டுவிட்டு, “சிவப்பு விழ இன்னும் நாலு நொடிதான், நீ வருகிற வேகத்துக்குத் தாண்ட மாட்டாய்; இடது பக்கம் ஒருத்தன் நிற்கிற எண்ணத்திலேயே இல்லை” என்று பதில் சொல்லும். இதை எதிர்காலத் தொழில்நுட்பம் என்கிறார்கள். தென்காசிக்காரர்கள் மரியாதைக்காக வாயை மூடிக்கொண்டிருக்கிறார்கள்.

ஏனென்றால் காசி விசுவநாதர் கோயில் தேர் ரத வீதி முக்கில் திரும்புவதைப் பார்த்தவர்களுக்கு இதில் புதுசு எதுவும் இல்லை. அவ்வளவு பெரிய வண்டியில் ஸ்டீயரிங் கிடையாது. உள்ளே உட்கார்ந்திருப்பவர் உலகத்தையே நடத்துகிறவர் என்றாலும், அவரை நம்பி யாரும் பிரேக்கை அவர் காலடியில் வைக்கவில்லை. பிரேக் தெருவில் இருக்கிறது, முட்டுக்கட்டையாக. தோளில் துண்டு போட்ட ஓர் ஆள் சக்கரத்துக்குப் பக்கத்திலேயே பின்பக்கமாக நடந்துகொண்டு, எந்தச் சக்கரத்தின் முன்னால் எப்போது கட்டையைக் கொடுக்க வேண்டும் என்று பார்த்துக்கொண்டே வருவார். இடது சக்கரத்துக்குக் கொடுத்தால் தேர் இடது பக்கம் மூக்கைத் திருப்பும். இரண்டுக்கும் கொடுத்தால் நிற்கும். வடம் பிடிக்கிற ஆயிரம் பேரின் கருத்து என்னவானாலும் நிற்கும். (இப்போது பல கோயில் தேர்களுக்குத் திருச்சி பெல் நிறுவனத்தின் இரும்புச் சக்கரமும் ஹைட்ராலிக் பிரேக்கும் வந்துவிட்டன. கட்டைக்காரரை யாரும் வீட்டுக்கு அனுப்பிவிடவில்லை.) வண்டியை நிறுத்துகிற அதிகாரம் வண்டிக்கு வெளியே இருக்க வேண்டும் என்ற இந்த ஒரு யோசனையைத்தான் மேல்நாட்டார் பிற்பாடு பல தேசங்களில், பல பேரைப் பலிகொடுத்து, தவணை முறையில் கண்டுபிடித்தார்கள்.

முதல் தவணை லண்டன். 1868 டிசம்பரில் ஜே.பி. நைட் என்ற ரயில்வே சிக்னல்காரர் பார்லிமென்ட் வாசலில் ஒரு கம்பம் நட்டார். பகலில் கை நீட்டும், இரவில் கேஸ் விளக்கில் சிவப்பும் பச்சையும் காட்டும். சாலையில் போகிற வண்டியிடம் ஒரு கம்பம் வாய் திறந்து பேசியது அதுதான் முதல் தடவை. அடுத்த மாதமே கேஸ் கசிந்து வெடித்து, பக்கத்தில் நின்று இயக்கிய போலீஸ்காரர் காயப்பட்டார். கம்பத்தோடு பேச்சுவார்த்தை முறிந்தது. அதன் பிறகு 1914-ல் அமெரிக்காவின் கிளீவ்லேண்டில் மின்சார சிக்னல் வைக்கும் வரை அந்த யோசனைக்குப் பெரிய மரியாதை இல்லை.

இரண்டாவது தவணையில்தான் நம் கதை சூடு பிடிக்கிறது. இங்கிலாந்தில் நார்விச் பக்கம் ஒற்றைத் தண்டவாளம். 1874 செப்டம்பர் 10 இரவு, மெயில் வண்டியை இந்தப் பக்கம் அனுப்பலாம் என்று அடுத்த ஸ்டேஷனுக்குத் தந்தி போகிறது. அதே நேரத்தில் எக்ஸ்பிரஸ் வண்டியை அந்தப் பக்கம் அனுப்பியும் விடுகிறார்கள். யாரோ தலையில் கைவைத்து, “மெயிலை நிறுத்து” என்று மறு தந்தி அடித்தார்கள். “மெயில் போய்விட்டது” என்று பதில் வந்தது. தந்தி அருமையாக வேலை செய்தது என்பதைக் கவனிக்க வேண்டும். தகவல் தொடர்பில் ஒரு குறையும் இல்லை. மழை இரவில் இரண்டு வண்டிகளும் நேருக்கு நேர் மோதி 25 பேர் செத்துப்போனார்கள்.

அதற்குப் பிறகு 1878-ல் எட்வர்ட் டயர் என்பவர் ஒரு பெட்டி செய்தார். இந்த ஸ்டேஷனில் ஒன்று, அந்த ஸ்டேஷனில் ஒன்று, நடுவில் கம்பி. இரண்டு ஸ்டேஷன் மாஸ்டரும் ஒத்துக்கொண்டால் ஒரு வில்லை வெளியே வரும். அது வெளியே இருக்கும்வரை இரண்டு பெட்டிகளும் அடுத்த வில்லையைக் கொடுக்காது. காலில் விழுந்தாலும் கொடுக்காது. வில்லை கையில் இல்லாத டிரைவர் வண்டியை நகர்த்தக் கூடாது. டயர் செய்தது இவ்வளவுதான். தகவல் சொல்கிற வேலையை ஓரமாக வைத்துவிட்டு, அனுமதியைக் கையில் பிடித்துக்கொண்டார். சாலைக்காரர்களுக்கு இன்றுவரை வராத புத்தி இது. என் கட்சியும் இதுதான். மற்றதெல்லாம் அலங்காரம்.

நம் பக்கம் ரயில் 1903-ல் செங்கோட்டை வரை வந்து, மறு வருஷம் நவம்பரில் ஆரியங்காவு மலையைக் குடைந்து புனலூரைத் தொட்டது. கொல்லம்–புனலூர்த் துண்டு அதற்குக் கொஞ்சம் முன்பே ஓட ஆரம்பித்துவிட்டது. மலை நடுவில் நிற்கும்போது அந்தப் பக்கத்துக்கு இன்ஜின் எப்படிப் போயிற்று? கழற்றிய பாகங்களாகத் தூத்துக்குடியிலிருந்து கப்பலில் கொண்டுபோய்க் கொல்லத்தில் பூட்டினார்கள் என்பார்கள். புகை கக்கிக்கொண்டு வந்ததைப் பார்த்துக் கொல்லத்துச் சனங்கள் தூமசகடாசுரன் என்று பேர் வைத்ததாகவும் கதை. ஆக, தென்காசிப் பக்கம் கவிராயரின் வழுக்குத் தேர், கொல்லத்துப் பக்கம் அசுரன், நடுவில் ஒற்றைத் தண்டவாளம். புராணப்படி பார்த்தால் யுத்தம் நடந்தே தீர வேண்டும்.

நடக்கவில்லை. காரணம் ஓர் உருண்டை.

நீல்ஸ் பால் டோக்கன் என்று அதற்குப் பேர். டயருடைய பெட்டிக்குத் தம்பி முறை. மீட்டர் கேஜ் காலத்தில் இந்தத் தடத்தில் பயணம் செய்தவர்கள் ஸ்டேஷன் மாஸ்டர் அறையில் சிவப்புப் பெட்டி ஒன்று ‘டிங் டிங்’ என்று மணியடித்துக்கொண்டிருந்ததைப் பார்த்திருப்பார்கள். தென்காசியிலிருந்து செங்கோட்டைக்கு வண்டி விட வேண்டுமா? இங்கே இருப்பவர் மணியடித்துக் கேட்பார். அங்கே இருப்பவர் டீயைக் கீழே வைத்துவிட்டுத் தன் பெட்டியைத் திருகிச் சம்மதம் சொல்வார். ‘கடக்’கென்று ஓர் இரும்பு உருண்டை இங்கே விழும். அதற்குப் பேர்தான் லைன் கிளியர். அதில் எந்த இரண்டு ஸ்டேஷனுக்கு நடுவே என்று வெட்டியிருக்கும். உருண்டையைத் தோல் பைக்குள் போட்டு, பையைப் பிரம்பு வளையத்தில் கட்டி, பிளாட்பாரத்தில் ஓர் ஆள் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பார். வண்டி நிற்காமல் போனால் இன்ஜினிலிருந்து தொங்கும் ஃபயர்மேன் வளையத்துக்குள் கையை விட்டு வாரிக்கொள்வார். பழைய வளையத்தைக் கீழே வீசுவார். ராத்திரி என்றால் பக்கத்தில் ஒரு தீவட்டி. மழை என்றால் மழை. பிடி தவறினால் தோள்பட்டை வீங்கும். டோக்கன் புதரில் விழுந்தால் வண்டியை நிறுத்திவிட்டு முள்ளுக்குள் தேட வேண்டும். தேடுகிறவரைக்கும் அந்தத் தடத்தில் வேறு எதுவும் அசையாது.

இந்த வைபவத்தில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இந்த இரண்டு ஸ்டேஷன்களும் இருந்த சீமைகள். தென்காசி வெள்ளைக்காரன் சீமை, செங்கோட்டை திருவிதாங்கூர் மகாராஜா சீமை. எட்டு கிலோமீட்டர் இடைவெளியில் வரி வேறு, வழக்கு வேறு, போலீஸ் தொப்பி வேறு. 1956 நவம்பர் 1-ல்தான் செங்கோட்டை நம் பக்கம் வந்தது. அதுவரை இரண்டு சர்க்காரும் எதில் ஒத்துப்போனார்களோ தெரியாது, ஒரே தண்டவாளத்தில் ஒரு நேரத்தில் ஒரு வண்டி என்பதில் மட்டும் தினமும் ஒத்துப்போக வேண்டியிருந்தது. அண்ணன் தம்பிக்குள் வாய்க்கால் தகராறில் ஒத்துப்போகாத ஊரில் இது சாதாரண சாதனையா?

டிரைவர் செல்வாக்குக் காட்டிப் பார்த்திருக்கலாம். “மாஸ்டர், பகவதிபுரத்திலே எதுவும் நிக்கலைன்னு எனக்கே தெரியும், விட்டுருங்க, நான் பாத்துப் போயிருதேன்.” மாஸ்டர் நல்லவராகவே இருந்தாலும் அவரால் முடியாது. “எனக்கு ஆட்சேபணை இல்லை அண்ணாச்சி, பெட்டிகிட்டே கேளுங்க.” பெட்டிக்குச் சொந்த பந்தம் இல்லை, சாதி இல்லை, மதுரையில் தெரிந்த ஆள் இல்லை. 2010-ல் செங்கோட்டை–புனலூர் மீட்டர் கேஜை மூடி, 2018-ல் அகலப்பாதையாகத் திறந்தார்கள். டோக்கனை வைத்துப் பிழைத்த தலைமுறை பிரம்பு வளையத்தைச் சுவரில் மாட்டிவிட்டு ஓய்வு பெற்றது.

ரயிலும் சாலையும் குறுக்கே வெட்டிக்கொள்ளும் இடத்தில் மட்டும் இந்த ஒழுங்கு கொஞ்சம் தளர்ந்தது. லெவல் கிராசிங்கில் இரண்டு ஜாதி உண்டு. ஒன்றில் கேட்டும் சிக்னலும் பிணைக்கப்பட்டிருக்கும். கேட்டைச் சாத்திப் பூட்டாமல் ரயிலுக்குப் பச்சை விழாது. இன்னொன்றில் எல்லாம் வாய்ச்சொல். ஸ்டேஷன் மாஸ்டர் போன் செய்வார், கேட் கீப்பர் “சாத்திட்டேன்” என்பார். சாட்சிக்குத் தன்னிடமுள்ள தாளிலிருந்து பிரைவேட் நம்பர் என்று ஒரு ரகசிய எண்ணைச் சொல்வார். மாஸ்டர் அதை எழுதிக்கொள்வார். எண் போய்ச் சேர்ந்துவிட்டால் கேட் சாத்தியிருப்பதாகக் கணக்கு. 2025 ஜூலை 8 காலை, கடலூர் அருகே செம்மங்குப்பத்தில் பள்ளி வேன் மீது ரயில் மோதி மூன்று பிள்ளைகள் இறந்தார்கள். அது பிணைக்கப்படாத கேட். இதில் சிரிக்க எதுவும் இல்லை.

சாலைக்கு வருவோம். ரயிலில் பெட்டி ஆட்சி செய்த காலத்தில், சாலையில் ஹாரன் ஆட்சி செய்தது. சந்தியில் வலது பக்கம் வருகிறவனுக்கு வழி விடு என்று சட்டம் 1989-லேயே எழுதிவிட்டது. ஆனால் இலத்தூர் விலக்கில் நின்று பார்த்தால் எவன் முதலில் அடித்தானோ அவனுக்கே வழி என்ற பழைய பாத்தியதைதான் செல்லுபடியாகிறது. லாரியின் பின்னால் ‘ஒலி எழுப்புக’ என்று எழுதியே கேட்கிறார்கள். பஸ்ஸுக்குள் கண்டக்டரின் ஒற்றை விசில் நில், இரட்டை விசில் போ. பின்னால் எடுக்கும்போது கிளீனரின் “வா, வா, வா… ஹோல்டான்!” பேச்சுக்குப் பஞ்சமே இல்லை. பதில் சொல்ல வேண்டிய சாலைதான் ஊமை.

அந்த ஊமையைப் பேசவைக்க 1920-களில் பால்டிமோரில் ஒருவர் முயன்றார். பேர் சார்லஸ் அட்லர். இவரும் ரயில்வேக்காரரே. முதலில் அவர் செய்தது நம் முட்டுக்கட்டைக்கு மிக நெருங்கிய சொந்தம்: லெவல் கிராசிங்குக்கு முன்னால் சாலையில் காந்தத் தகடு புதைப்பது, கார் அதைக் கடந்தால் காரிலிருக்கும் ஒரு கருவி விழித்துக்கொண்டு வேகத்தை மணிக்கு 15 மைலுக்குக் குறைத்துவிடும், ஓட்டுகிறவர் சம்மதித்தாலும் சம்மதிக்காவிட்டாலும். அருமையான யோசனை, ஆகவே பரவவில்லை. காசு கொடுத்துக் கார் வாங்கியவனின் ஆக்சிலேட்டரில் கவர்மென்ட் காலை வைத்தால் சும்மா இருப்பானா?

அடுத்ததாகத்தான் அவர் சிக்னல் கம்பத்துக்குக் காது வைத்தார். கிளைச் சாலையில் சிவப்புக்கு நிற்கிறவர் ஹாரன் அடித்தால், கம்பத்திலுள்ள மைக் கேட்டு, பச்சையைப் போடும். வண்டி பேச, கம்பம் கேட்டு நடந்த முதல் உரையாடல் இது. பக்கத்து வீட்டுக்காரர்களுக்குத் தூக்கம் போயிற்று. அதே காலத்தில் சாலையில் டயர் அழுத்தினாலே உணர்ந்துகொள்ளும் தகடு வந்துவிட, மைக் தோற்றது.

அட்லர் ஊர் மாறிப் பிறந்துவிட்டார் என்பது என் வருத்தம். அந்தக் கம்பத்தைச் சீசன் நேரத்தில் தென்காசிப் பழைய பஸ் ஸ்டாண்ட் பக்கம் நட்டிருக்க வேண்டும். நாலு பக்கமும் ஒரே நேரத்தில் பச்சை கேட்கும்.

“ஏலே, ஹாரன் அடிச்சுப் பச்சை வாங்கினது யாருலே?”

“நான் இல்ல அண்ணாச்சி, சத்தியமா. மாப்பிள்ளை ஊர்வலம் போகுது, நாயனத்துக்குப் போட்டுருச்சு.”

கெட்டிமேளம் கேட்டால் கம்பமே எரிந்துபோயிருக்கும்.

பிறகு ரேடியோ காலம். 1999-ல் அமெரிக்கத் தொலைத்தொடர்பு ஆணையம் 5.9 கிகாஹெர்ட்ஸ் பக்கம் 75 மெகாஹெர்ட்ஸ் அகல அலைவரிசையைக் காரும் கம்பமும் பேசிக்கொள்வதற்காகவே ஒதுக்கிக் கொடுத்தது. கார்க் கம்பெனிகள் கம்பம் வரட்டும் என்றன. கம்பம் நட வேண்டியவர்கள் கார் வரட்டும் என்றார்கள். தரிசாகக் கிடந்த பட்டா நிலத்தைப் பக்கத்துக்காரர் வேலி கட்டிக்கொள்வது போல, 2020-ல் அதில் 45-ஐப் பிடுங்கி வைஃபைக்குக் கொடுத்துவிட்டார்கள். மிச்சம் 30, அதிலும் பழைய பாஷை வேண்டாம், செல்போன் பாஷையில் பேசு என்று உத்தரவு. இருபத்தொரு வருஷம் பேச இடம் கொடுத்தும் இரண்டு பேரும் வாய் திறக்காத இந்தச் சம்பந்தத்தை நம் ஊர்த் தரகர்களிடம் விட்டிருந்தால் ஒரு தை மாதத்தில் முடித்திருப்பார்கள்.

நம் நாட்டில் சாலைக்கு முதலில் காது முளைத்தது காசு விஷயத்தில். 2021 பிப்ரவரியில் ஃபாஸ்டேக் கட்டாயமாயிற்று. கண்ணாடியில் ஒட்டிய துண்டு, சுங்கச்சாவடிக் கம்பத்தோடு கண் இமைக்கும் நேரத்தில் பேசி முடிக்கிறது. கணக்கில் காசு இல்லையென்றால் கட்டை மேலே எழாது. அனுமதியைக் கையில் பிடித்துக்கொள்ளும் டயருடைய தத்துவம் இங்கே அட்சரம் பிசகாமல் வேலை செய்கிறது. உயிருக்குப் பொருத்தினால் சிக்கலாக இருந்தது வசூலுக்குப் பொருத்தினால் ஒரு சிக்கலும் இல்லை.

அது கட்டாயமாகும் முன்பே ஓரிடத்தில் வாயும் முளைத்தது. 2017-ல் ஜம்மு–ஸ்ரீநகர் நெடுஞ்சாலையில் கொண்டை ஊசி வளைவின் இரண்டு முனையிலும் ரேடார் கம்பங்கள் நட்டார்கள். அந்தப் பக்கம் வண்டி வந்தால் இந்தப் பக்கக் கம்பம் ஹாரன் அடிக்கும். நட்டது நெடுஞ்சாலைத் துறை என்று நினைத்தால் ஏமாந்தீர்கள். ஹெச்பி லூப்ரிகன்ட்ஸ் என்ற எண்ணெய் நிறுவனமும் லியோ பர்னெட் என்ற விளம்பர நிறுவனமும். புளியரை எஸ் வளைவில் கேரளா போகும் லாரிகள் ஏறி இறங்குவதைப் பார்த்தவர்களுக்கு, எண்ணெய்க் கம்பெனி யாராவது தெற்கேயும் வரமாட்டார்களா என்று தோன்றும்.

இதற்கிடையில் ரயில்காரர்கள் உருண்டையை மறக்கவில்லை. அதை ரேடியோவாக உருக்கிவிட்டார்கள். 2020-ல் தேசியப் பாதுகாப்பு முறையாக ஏற்றுக்கொள்ளப்பட்ட ‘கவச்’ ஏற்பாட்டில், தண்டவாளத்தில் பதித்த டேக்குகளை இன்ஜின் படித்துக்கொண்டே போக, ஸ்டேஷன் கருவி எவ்வளவு தூரம் போகலாம் என்று ரேடியோவில் அனுமதி அளக்கும். டிரைவர் மீறினால் பிரேக் தானே விழும். லெவல் கிராசிங் நெருங்கினால் ஹாரனையும் தானே அடிக்கும். இத்தனை விஞ்ஞானமும் சேர்ந்து கடைசியில் ஹாரனுக்கே வந்து நின்றதைப் பார்த்து நம் வேன் டிரைவர்கள் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளலாம்.

சரி, குற்றாலத்துக்கு ஒரு பேசும் கம்பம் வருகிறது என்றே வைத்துக்கொள்வோம். நடுவதற்கு ஆள் உண்டு, திறப்பு விழாவுக்கும் உண்டு. பராமரிப்புதான் கேள்வி. தென்காசிக் கோயிலைக் கட்டிய பராக்கிரம பாண்டியன் இந்த விஷயத்தில் தெளிவான ஆள். பிற்காலத்தில் இக்கோயிலுக்குப் பழுது வந்தால் அதைச் சரிசெய்து காப்பவர்களின் காலில் இப்போதே விழுகிறேன் என்று கல்லில் வெட்டிவைத்துவிட்டுப் போனான். ஐந்நூறு வருஷத்துக்கு மேற்பட்ட ஏ.எம்.சி. ஒப்பந்தம். அப்படியிருந்தும் ராஜகோபுரம் பாழ்பட்டுக் கிடந்து, 1990-ல்தான் மறுபடி எழுந்தது. ராஜா காலில் விழுந்தே இவ்வளவு நாளாயிற்று. டெண்டர் எடுத்தவர் விழுவாரா?

எப்படியும் கம்பம் நின்றுவிட்டது. ஜூன் பிறந்து சாரல் விழுகிறது. காசிமேஜர்புரம் தாண்டி வண்டிகள் வரிசை கட்டுகின்றன. எட்டுப் பேர் வேன் ஒன்று, தன்னுள் பதினாலு பேர் இருப்பதைத் தவிர மற்ற எல்லா உண்மைகளையும் நொடிக்குப் பத்து முறை ஒலிபரப்புகிறது. எண்ணெய்த் தலையோடு பைக்கில் மூன்று பேர். பைக்கில் கருவி இல்லை, ஆகவே கம்பத்தைப் பொறுத்தவரை அவர்கள் பிறக்கவேயில்லை. முந்திரிக்கொத்து விற்கிற பாட்டியும் அப்படியே. மெயின் அருவியிலிருந்து இறங்கி வந்த குரங்கு ஒன்று ஆன்டெனாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. கம்பத்துக்குக் கண்ணும் மங்கிவிட்டது. முந்தின நாள் ராத்திரி யாரோ ரேடாரின் நாலு முகத்தையும் மறைத்து நாலு ஃபிளெக்ஸ் கட்டியிருக்கிறார்கள். காதணி விழா. எதிரெதிரே வருகிற நாலு சாலைக்கும் கம்பம் ஒரே நேரத்தில், ஒரே எழுத்தில், ரோஜாப்பூ போட்டுச் சொல்கிறது: “அனைவரும் வருக! வருக!”